முதல் அட்டை உங்களுடையது

சேலத்தில் மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (DBT) கற்றுத்தருகிறேன். கட்டுக்கடங்காத உணர்ச்சிகளால் தவிப்பவர்களுக்கான பேச்சுவழிச் சிகிச்சை இது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய இம்முறையில் திறன்கள் நான்கு: மனக்கவனம், துயர் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவில் பேசத் தெரிதல். இவற்றை ஒப்பிப்பவர்களுக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

நோயாளிகள் தினமும் தங்கள் உணர்ச்சிகளைக் குறிக்கும் நாட்குறிப்பு அட்டையை, முதல் வாரம் பயிற்சிக்கு வந்தவர்களே நிரப்ப வேண்டும். கோபம் எவ்வளவு, 0 முதல் 5 வரை. பிறகு சங்கிலிப் பகுப்பாய்வு: ஒரு செயலுக்கு இட்டுச்சென்றவற்றைக் கண்ணி கண்ணியாகத் தேடுவது. ஒரு மருத்துவர், “பஸ் தாமதம், கத்திவிட்டேன்” என்று முடித்துக்கொண்டார். விடவில்லை. முந்தைய இரவு தூங்கினீர்களா? காலையில் சாப்பிட்டீர்களா? ஐந்து ரோடு நிறுத்தத்தில் நின்றபோது உடலில் எங்கே இறுகியது? பதினோராவது கண்ணியில்தான் “என்னை யாரும் மதிப்பதில்லை” வெளியே வந்தது. வெட்ட வேண்டிய இடம் அது.

அடுத்து, கொந்தளிப்பைச் சட்டென்று தணிக்க, குளிர்நீரில் முகத்தை முக்கி மூச்சடக்கும் பயிற்சி. சுமார் 30 விநாடி. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கூடாது. ஏற்காட்டின் டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீரே போதும். சேலத்து மே மாதத்தில் ஐஸ் வாங்க ஆள் அனுப்புகிறேன்.

சிகிச்சையாளர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளக் கூடும் வாராந்திரக் கலந்தாய்வுக் குழுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நோயாளியின் பிடிவாதத்தைப் பற்றிப் புலம்ப அல்ல. உங்கள் சோர்வைச் சொல்ல.