படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசும்போது 'இருக்கிறார்' செய்யும் குழப்பம்

ஒரு டீக்கடைப் படம். பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் பேப்பர். கடைக்காரர் டீ ஆற்றுகிறார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சைக்கிள் சாத்தி வைத்திருக்கிறது. என்னிடம் ஆங்கிலம் பேசிப் பழக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். தமிழில் சொல்லச் சொன்னால் தடங்கலே இல்லாமல் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலம் என்றதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படி வரும்: 'ஒன் ஓல்டு மேன் ஹேஸ் சேட் ஆன் பெஞ்ச்.'

இந்த 'ஹேஸ் சேட்' எங்கிருந்து வருகிறது? 'வந்திருக்கிறார்' என்றால் 'ஹேஸ் கம்' என்று பள்ளியில் படித்தோம். அது சரி. அதே கணக்கில் 'உட்கார்ந்திருக்கிறார்' என்பதையும் மாற்றிவிடுகிறோம். ஆனால் உட்கார்ந்திருக்கிறார், சட்டை போட்டிருக்கிறார், குடை பிடித்திருக்கிறார் என்று படத்தைப் பார்த்துச் சொல்லும்போது, அவர் இந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத்தான் சொல்கிறோம். அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு 'இங்' வேண்டும்: 'இஸ் சிட்டிங்', 'இஸ் வேரிங்', 'இஸ் ஹோல்டிங்'. 'போட்டிருக்கிறார்' என்பதற்கு 'புட்டிங் ஆன்' என்று சொன்னால், அவர் இப்போதுதான் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமாகிவிடும். கடைக் கதவு திறந்திருந்தால் 'தி டோர் இஸ் ஓப்பன்', அவ்வளவுதான். 'ஹேஸ் ஓப்பன்ட்' என்றால் யாரோ இப்போது திறந்ததுபோல் கேட்பவருக்குத் தோன்றும்.

இன்னொரு பக்கமும் வழுக்கும். 'டீ ஆற்றுகிறார்' என்பது தமிழில் இப்போது நடப்பதற்கும் பொருந்தும், தினமும் செய்யும் வேலைக்கும் பொருந்தும். அதை அப்படியே 'ஹி போர்ஸ் டீ' என்று சொன்னால் அது அவருடைய அன்றாட வேலை என்று ஆகிவிடும். கண்முன் நடப்பதற்கு 'ஹி இஸ் போரிங் டீ'. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டாலே பேச்சு பாதி சரியாகிவிடுகிறது. அதனால்தான் மற்ற எதையும்விட இதற்கு நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

அடுத்தது, ஒரே ஒரு வார்த்தையைத் தேடி அப்படியே நின்றுவிடுவது. 'ஆற்றுவது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு பெண் யோசிக்க ஆரம்பித்து, கொடுத்த நேரம் முழுவதும் வாயே திறக்கவில்லை. நம் ஊர் 'ஆற்றுவது' முழுவதையும் சொல்லும் ஒற்றை வார்த்தை ஆங்கிலத்தில் எனக்கும் தெரியாது. கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்: 'ஹி இஸ் போரிங் டீ ஃப்ரம் ஒன் கப் டு அனதர் டு கூல் இட்.' தெரியாத பொருள் எதுவானாலும் அது எப்படி இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பி.டி.இ என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், படத்தை வர்ணிக்கும் பகுதியில், படத்தைப் பார்க்க 25 வினாடி, பேச 40 வினாடி. நடுவில் 3 வினாடி பேசாமல் இருந்தால் மைக் நின்றுவிடும், அதற்குப் பிறகு சொல்வது பதிவாகாது. அங்கே மௌனம்தான் பெரிய நஷ்டம். அந்தத் தேர்வில் வரைபடம், அட்டவணைதான் அதிகம் வரும். அதில் இருக்கிற எண்களை எல்லாம் வாசித்துக்கொண்டிருக்காமல் எது அதிகம், எது குறைவு, போக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல வேண்டும்.

அப்புறம், கண் தாவுவது. பெரியவரில் ஆரம்பித்து, சைக்கிளுக்குப் போய், திரும்பப் பெரியவரின் கண்ணாடிக்கு வந்தால் கேட்பவருக்குப் படம் மனதில் தங்காது. முதலில் இது என்ன இடம், பிறகு நடுவில் யார், பிறகு ஓரங்களும் பின்னணியும் என்று போனால் பேசுபவருக்கும் சுலபம். இடம் சொல்லும்போது 'பேக் சைடு சைக்கிள் இஸ் தேர்' என்று வரும். 'தேர் இஸ் எ பைசிக்கிள் பிஹைண்ட் ஹிம்' என்று சொல்லிப் பழகுங்கள். படத்துக்குள் இருப்பது 'இன் தி பிக்சர்'. இடது பக்கம் இருப்பது 'ஆன் தி லெஃப்ட்'.

தமிழில் 'ஒரு பெரியவர்' என்று சொல்கிற பழக்கத்தில் 'ஒன் மேன்' வந்துவிடும். எண்ணிச் சொன்னால் ஒழிய 'எ மேன்' போதும், இரண்டாவது முறை 'தி மேன்'. 'மூணு டம்ளர் இருக்கு' என்பது நமக்கு இயல்பு, ஆங்கிலத்தில் 'த்ரீ கப்ஸ்' என்று அந்த 'ஸ்' வந்தாக வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஐ கேன் சீ' என்று தொடங்குவதையும் விட்டுவிடலாம்.

ஊகத்தை உண்மைபோல் சொல்வதும் உண்டு. 'ஹி இஸ் எ ரிடயர்டு டீச்சர்' என்று ஒருவர் சொன்னார். படத்தில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை. தமிழில் என்றால் 'வாத்தியார் போல இருக்கிறார்' என்றிருப்பார். அந்த 'போல'வை ஆங்கிலத்திலும் கொண்டுவாருங்கள்: 'ஹி மைட் பி எ டீச்சர்', 'ஹி லுக்ஸ் லைக் எ டீச்சர்'. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வில் 20 வினாடி யோசித்து, குறைந்தது 30 வினாடி, அதிகபட்சம் 90 வினாடி பேசலாம். கண்ணில் பட்டதெல்லாம் தீர்ந்த பிறகு பேச்சை நீட்டிக்க இந்த ஊகம்தான் கைகொடுக்கும். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வு வேறு மாதிரி. இரண்டு படங்களை ஒப்பிட்டு, கூடவே ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல ஒரு நிமிடம். ஒரு படத்தை முழுக்க வர்ணித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்களுக்குக் கேள்விக்கு நேரமே இருக்காது.

வீட்டில் பழக ஒரு வழி. நீங்கள் பேசியதை போனில் பதிவு செய்து, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கேட்கக் கொடுத்து, கேட்டபடி வரையச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, கோடு கோடாக வரைந்தாலும் சரி. என் மாணவர் ஒருவரின் தம்பி இப்படி வரைந்ததில் சைக்கிள் பெஞ்சுக்கு மேலே ஏறியிருந்தது. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டோம்; 'பிஹைண்ட்' வர வேண்டிய இடத்தில் 'ஆன்' இருந்தது.