யாழ்ப்பாணத்து வொலியூமுக்குக் கொழும்பில் ஏசிங்க் பிரதி

யாழ்ப்பாணத்தில் நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் பெட்டி, அதில் 5 டெராபைட் வொலியூம் (தரவு வைக்கும் பகுதி). பிரதி கொழும்பில், நடுவில் 100 மெகாபிட் லிங்க். ஒவ்வொரு ரைட்டும் கொழும்புக்குப் போய்ப் பதில் வரும்வரை காத்திருந்தால் டேட்டாபேஸ் தவழும். நெட்ஆப்பின் பிரதி வசதியான ஸ்னாப்மிரரின் ஏசிங்க் முறை, அதாவது பதிலுக்குக் காத்திராத முறை, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் உறைநிலைப் படம்) எடுத்து, போன முறைக்குப் பிறகு மாறிய பிளாக்குகளை மட்டும் பின்னர் அனுப்பும்.

முதல் பிரதிக்கு இந்த லிங்கை நம்ப வேண்டாம். வேறு யாரும் தொடாவிட்டாலும் நாலரை நாளுக்கு மேல் ஓடும். இரண்டு பெட்டிகளையும் யாழ்ப்பாணத்திலேயே லானில் இணைத்து முடித்துவிட்டு, கொழும்புப் பெட்டியை ஏ9 வீதியால் வாகனத்தில் அனுப்புங்கள். அங்கே ஐபி மாறும். இரு பெட்டிகளும் ஒன்றையொன்று அறியப் பதிந்துள்ள பியர் முகவரிகளையும் மாற்ற வேண்டும்.

முதல் பிரதிக்கு முன் இருபுறமும் இன்டர்கிளஸ்டர் லிஃப் (பெட்டிகள் தமக்குள் பேசும் நெட்வொர்க் முகவரி) அமைத்து, அவற்றிடையே ஐசிஎம்பி, எச்டிடிபிஎஸ், டிசிபி 11104, 11105 எல்லாவற்றையும் இரு திசையிலும் திறவுங்கள். டேட்டா போவது 11105இல்; அது அடைபட்டிருந்தால் பிரதி நகராது. அடுத்து கிளஸ்டர் பியர் (இரு பெட்டிகளின் இணைப்பு), எஸ்விஎம் பியர் (அவற்றினுள் வொலியூம்களை வழங்கும் மெய்நிகர் சேர்வர்களின் இணைப்பு). கொழும்புப் பெட்டியில் மூல வொலியூமுக்குக் குறையாத அளவில் டிபி வகை வொலியூம் (பிரதியை ஏற்கும் வகை) உருவாக்குங்கள். பிரதி உறவை உருவாக்கும் கிரியேட், முதல் பிரதியைத் தொடங்கும் இனிஷியலைஸ் கட்டளைகளைக் கொழும்புப் பக்கத்தில்தான் கொடுக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டால் இழப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் நிற்கும் என்று நிர்வாகத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். மணிக்கு 20 கிகாபைட் மாறினால் அனுப்பவே 27 நிமிடம். 10.00 மணி ஸ்னாப்ஷாட் 10.27க்குப் போய்ச் சேரும், அடுத்தது 11.27க்கு. 11.26க்கு யாழ்ப்பாணப் பெட்டி போனால், கையில் இருப்பது 10.00 மணித் தரவு. மணிக்கு 45 கிகாபைட்டைத் தாண்டினால் ஒன்று முடியுமுன் அடுத்தது வந்துவிடும். ஆகவே லேக் டைமுக்கு, அதாவது பிரதி எவ்வளவு பின்தங்கியுள்ளது என்ற நேரத்துக்கு, எச்சரிக்கை வையுங்கள். 2 மணித்தியாலம் பொருத்தம்.

லிங்க் அறுந்தால் மூலத்தில் பழைய ஸ்னாப்ஷாட் பிடித்துவைக்கப்படும். இதே வேகத்தில் ஒரு நாளைக்கு 480 கிகாபைட் வரை வீங்கும், இடம் விடுங்கள். இடம் போதாமல் இருபுறமும் உள்ள பொதுவான ஸ்னாப்ஷாட்டை அழித்தால் முழுப் பிரதியும் மறுபடி முதலிலிருந்து.

அனர்த்தத்தில் கொழும்பில் பிரேக் (பிரதி உறவை முறித்து, எழுத அனுமதிக்கும் கட்டளை) கொடுத்து அங்கேயே வேலையைத் தொடரலாம். திரும்பும்போதுதான் கவனம்: உறவை மீண்டும் இணைக்கும் ரீசிங்க் கட்டளை எந்த வொலியூமை இலக்காகக் கொள்கிறதோ, பொது ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் அதில் எழுதியது அழியும். ஆகவே கொழும்பை மூலமாக, யாழ்ப்பாணத்தை இலக்காக வைத்து, கட்டளையை யாழ்ப்பாணத்தில் கொடுங்கள். ஒத்திகைக்கு பிரேக் தேவையில்லை, கொழும்புப் பிரதியில் ஃபிளெக்ஸ்குளோன் (ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுக்கும், எழுதக்கூடிய நகல்) எடுத்து அதில் டேட்டாபேஸை எழுப்பிப் பாருங்கள்.