கூப்பாட்டின் வேரைத் தேடுவது எப்படி?

வாத்தியார் வேலையில் இருந்தபோது ஒருநாள் எட்டாம் வகுப்பில், "கூச்சம் போனால் கூச்சல் வரும், இரண்டும் ஒரே வேர்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கும் பெருமை. வீட்டில் அகராதியைப் புரட்டியதும் முகம் தொங்கிப்போனது. கண் கூசுகிறது, உடம்பு கூசுகிறது என்கிறோமே, அந்தக் 'கூசு'தான் கூச்சம். கூச்சலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மறுநாள் திருத்திச் சொன்னேன். ஒருவனுக்கும் முந்தைய நாள் பாடம் நினைவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு வேர் தேடுவதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். 'கூப்பாடு' என்ற சொல்லை வைத்தே சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் அகராதியைத் திறக்காதீர்கள். அந்தச் சொல் வாயில் எப்படி வருகிறது என்று முதலில் கேளுங்கள். கூப்பாட்டுக்குப் பின்னால் 'போடு' வரும். முன்னால் பல சமயம் 'குய்யோ முறையோ' வரும். அந்த 'முறையோ'வைக் கவனியுங்கள்: இது முறைதானா, நியாயம்தானா என்ற கேள்வி அது. மாடு கத்தும், குழந்தையும் கத்தும். கூப்பாடு போடவோ ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு ஒரு குறையும் வேண்டும்.

அடுத்து, அதே அச்சில் வார்த்த இன்னொரு சொல்லைத் தேடுங்கள். சாப்பிடு, சாப்பாடு. சரி, அப்படியானால் கூப்பிடு, கூப்பாடு. இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், வினைச்சொல் சாதுவாகிவிட்டது. போனில் கூப்பிடுகிறோம், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறோம், குரலை உயர்த்துவதே இல்லை. பெயர்ச்சொல் மட்டும் இன்னும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. 'கூப்பிடு தூரம்' என்பதிலும் பழைய சத்தம் மிச்சமிருக்கிறது: குரல் கொடுத்தால் காதில் விழும் தொலைவு. இன்னும் உரித்தால் 'கூ' ஒன்றே மிஞ்சும். குயிலும் சேவலும் தெருவில் கீரை விற்பவரும் கூவுவது அதைத்தான்.

பிறகு அக்கம்பக்கத்து மொழிகளில் விசாரியுங்கள். மலையாளத்தில் கூவுக, கன்னடத்தில் கூகு, தெலுங்கில் கூயு. குடும்பம் கூடிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் இருப்பதெல்லாம் சொந்தமாகிவிடாது. 'சத்தம் போடாதே' என்கிறோமே, அந்தச் சத்தம் வடமொழிச் 'சப்தம்'. அந்த விருந்தாளி இந்த நான்கு வீட்டுக்கும் வந்திருக்கிறார்.

இப்போது அகராதியைத் திறக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன், பரோவும் எமனோவும் 1961இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1984 பதிப்பைப் பாருங்கள்), இந்த இரண்டும் போதும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் தேடலாம்.

கடைசியாக, பழைய பாடல் ஒன்றில் அந்தச் சொல்லை வைத்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். குறுந்தொகை 224இல் 'கூவல்' வருகிறது. ஆகா, கூச்சலின் பாட்டி கிடைத்துவிட்டாள் என்று நானும் துள்ளினேன். அங்கே கூவல் என்றால் கிணறு. இரவில் பசு ஒன்று அதில் விழுந்து தவிக்கிறது. பார்த்தவனோ ஊமை. கூப்பாடு போட்டு ஊரை எழுப்ப அவனால் முடியவில்லை.