கருப்பு சிப்பாய் ஈப் புழுத் தொட்டி: ஈரத்தில்தான் எல்லாம் இருக்கிறது

கோழித் தீவனத்துக்காக இந்தப் புழுவை வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது தண்ணீரில்தான். மற்ற தவறுகளைப் பிறகும் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஈயைத் தெரிந்துகொள்ளுங்கள். குளவி மாதிரி கருத்து நீண்டிருக்கும், கொட்டாது. குளவிக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டு. கால் நுனி வெள்ளை. வயிறு தொடங்கும் இடத்தில் கண்ணாடி பதித்தாற்போல் இரண்டு கட்டங்கள். வீட்டு ஈப் புழு மெத்தென்று, ஒரு முனை கூராக இருக்கும். இதன் புழு தட்டையானது, தோல் தடித்தது.

20 லிட்டர் வாளியின் அடியில் 3 மி.மீ. துளைகள் பத்துப் போட்டு, மேலே 5 செ.மீ. தேங்காய் நார் பரப்புங்கள். ஈ நுழைய மேல் விளிம்பருகே விரல் நுழையும் துளைகள் நான்கு. நிழலில், மழை படாத இடத்தில், தண்ணீர்த் தட்டில் நிற்கும் செங்கல் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் முட்டையை எறும்பு தூக்கிவிடும்.

1 கிலோ தவிட்டைப் பிசைந்து 3 நாள் புளிக்கவிட்டு உள்ளே போடுங்கள். அந்த வாடைக்கு ஈ வரும். ஆனால் இரைமேல் முட்டையிடாது, அதன் அருகே காய்ந்த இடுக்கைத் தேடும். நெளிவுள்ள அட்டைத் துண்டுகளை இரையில் படாமல் மூடியின் உள்ளே கட்டுங்கள். நெளிவுக்குள் வெளிர்மஞ்சளாக, ரவை ஒட்டியதுபோல் தெரிவது முட்டை. சுமார் 4 நாளில் பொரியும்.

பொரிந்த புழுவுக்கு இரை சமையலறைக் கழிவு; பத்தாயிரம் புழுவுக்கு நாளுக்கு 1 கிலோ போதும். முந்தைய நாள் போட்டது தீர்ந்த பிறகே அடுத்தது. ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம். தண்ணீர் கட்டினால் காற்று போகாது; அழுகல் நாற்றம் கிளம்பும், வீட்டு ஈ மொய்க்கும். உடனே காய்ந்த நார்த்தூளோ சருகோ கலந்து கிளறுங்கள். சோற்றுக் கஞ்சி, தர்பூசணி போன்றவற்றை வடித்தே போடவேண்டும்.

சுவரில் ஏறும் புழுவின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைப் புழு கூட்டமாக ஏறினால் உள்ளே ஈரமோ சூடோ தாங்கவில்லை, அல்லது இரை இல்லை. கருத்த புழு ஏறினால் அது கூட்டுப்புழுவாகக் காய்ந்த இடம் தேடுகிறது. 35 டிகிரி சாய்வில் ஒரு பலகை வைத்தால் தானாக ஏறி வெளியே வைத்த டப்பாவில் விழும்.

கொழுப்பு அதிகம் என்பதால் தீவனத்தில் ஒரு பங்காக மட்டும் கொடுங்கள். கருத்ததில் ஒரு பகுதியைக் காய்ந்த நார்த்தூளில் விட்டுவையுங்கள். ஈயானதும் இணைசேர வெயில் வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் வைத்தால் அடுத்த முட்டை கிடைக்காது.