மாடி போடுவதற்கு முன்: ஒருதட்டு வீடா, மாடி வீடா என்ற முடிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிகுடியில் வீட்டுப் படம் வரையத் தொடங்கி இருபது வருடங்கள் ஆகின்றன. வடக்கே ஏறாவூர் முதல் தெற்கே திருக்கோவில் வரை பல குடும்பங்களுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் முடிவெடுத்துவிட்டே வருகிறார்கள். கைபேசியில் ஒரு வீட்டின் முகப்பைக் காட்டி, "தம்பி, இதைப் போல ஒரு மாடி வீடு வேண்டும்" என்பார்கள். காணி எத்தனை பேர்ச், கையில் எவ்வளவு பணம் என்றெல்லாம் பிறகுதான் கேட்பேன். என் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை பெண்பிள்ளைகள்?" என்பது.

வெளியூர்க்காரருக்கு இந்தக் கேள்வி விளங்காது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மகளுக்கு ஒரு வீடு கொடுப்பது பெற்றோரின் தலைமேல் உள்ள பொறுப்பு. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பின்வளவில் சிறு வீடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுத்தவளுக்காக அத்திவாரம் வெட்டும் தகப்பன்மாரை ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். இங்கே வீடு கட்டுகிறவர் பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதில் யார் குடியிருப்பார் என்பதையும் சேர்த்தே கட்டுகிறார். அதை மறந்து முகப்பை வைத்து முடிவெடுப்பதிலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் பிறக்கின்றன.

கீழ்த்தட்டு மூத்தவளுக்கு, மேல்தட்டு இளையவளுக்கு

காணி விலை ஏறிய பிறகு அதிகம் கேட்கும் யோசனை இது. காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் வேறு வழியும் குறைவு. யோசனையில் பிழையில்லை. காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, எழுதும் விதத்தில்தான் பிழை நேர்கிறது.

எட்டுப் பேர்ச் காணியில் இரண்டு மகள்மாருக்காக மாடி வீடு கட்டிய ஒரு குடும்பத்தை அறிவேன். மூத்தவளின் கலியாணத்தின்போது முழுக் காணிக்கும் அவள் பெயரில் சீதன உறுதி முடித்தார்கள். "மேல்வீடு தங்கச்சிக்கு" என்பது வாய்ப்பேச்சாக இருந்தது. ஒன்பது வருடம் கழித்து இளையவளைப் பேசி வந்தவர்கள் மேல்வீட்டின் உறுதியைக் கேட்டார்கள். அப்படி ஒரு உறுதி இருக்கவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி நிலத்தில் நிலையாகக் கட்டப்பட்டது நிலத்தின் உரித்தோடு சேர்ந்தது. நிலம் அக்காவுடையது என்றால் மேல்தட்டும் அக்காவுடையதே. சகோதரிகள் இருவரும் நல்லவர்கள். ஆனாலும் அந்த வருடம் அந்த வீட்டில் யாரும் மனம் விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மேல்தட்டைத் தனி ஆதனமாக எழுத வழியே இல்லை என்பதில்லை. தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்காகவே இருக்கின்றன. அதற்கு நில அளவையாளர் தயாரிக்கும் தனி வரைபடம் வேண்டும், அனுமதி பெற வேண்டும், பதிவு செய்ய வேண்டும். பலர் அந்த வழிக்குப் போகாமல், பிரிக்கப்படாத பாதிப் பங்கை ஒவ்வொரு மகளுக்கும் எழுதி, பெற்றோரின் சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கி வைக்கிறார்கள். எது பொருத்தம் என்பதை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கேளுங்கள். ஆனால் அத்திவாரம் வெட்டுவதற்கு முன் கேளுங்கள். கலியாணப் பேச்சு வந்த பிறகு கேட்டால் ஒவ்வொரு சொல்லும் சந்தேகமாகவே காதில் விழும்.

கல்லோயாக் குடியேற்றத் திட்டக் காணிகளைப் போல அரசு அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கொடுத்த காணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணியைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அடுத்து உரிமை பெறும் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டை இரண்டாகப் பிரித்துக் கட்டிவிட்டதால் காணி இரண்டாகிவிடாது.

உறுதியைப் போலவே படிக்கட்டும் முக்கியமானது. இரண்டு குடும்பம் இருக்கப் போகும் வீட்டில் படிக்கட்டை மண்டபத்துக்குள் வைத்தால், மேல்வீட்டு மருமகன் இரவு வேலை முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் கீழ்வீட்டுக்காரர் கதவு திறக்க வேண்டும். அழகுக்காக உள்ளே கேட்பார்கள். நான் வெளியே வைக்கச் சொல்லி மன்றாடுவேன். மின்சார மானி, தண்ணீர்க் குழாய் இரண்டையும் தொடக்கத்திலேயே வேறாக்கிவிடுவது நல்லது. பட்டியல் காசு யார் கட்டுவது என்பதில் தொடங்கிய சண்டைகள் பல.

"இப்போதைக்குக் கீழே, மாடி பிறகு"

கல்முனை வீதியில் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். பிளேட், அதாவது கொங்கிரீட் மேல்தளம், போட்ட வீடுகளின் தலையில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். சில வீடுகளில் அவை பத்து வருடமாக நிற்கின்றன. செம்மண் நிறத்தில் துருப்பிடித்து, மழைநீர் வடிந்து, சுவரில் பழுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும். 2022இன் நெருக்கடியில் சீமெந்துப் பையின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியபோது அப்படி நின்றுபோன வீடுகள் இன்னும் கூடின. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கட்டாரிலோ சவூதியிலோ வெயிலில் நின்று உழைத்த காசு.

துரு என்பது நிறம் மாறுவதோடு முடிவதில்லை. துருப்பிடித்த இரும்பு பருமனில் பெருக்கும். பெருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் கொங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கடற்காற்றின் உப்பு இதை வேகப்படுத்துகிறது. கடல் மணலையும் உவர்க் கிணற்று நீரையும் கொங்கிரீட்டுக்குப் பாவித்திருந்தால் கம்பி உள்ளேயே அரிக்கத் தொடங்கிவிடும். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டி மேலே ஒரு வீட்டை ஏற்றுவது, நோயாளியின் தோளில் மூட்டையை ஏற்றுவது போன்றது.

மாடி பிறகுதான் என்றால், அதையும் இன்றைக்கே முடிவு செய்து பொறியியலாளரிடம் கணக்குப் பார்த்துக் கட்டலாம். தூணின் கீழே போடும் கொங்கிரீட் பாதம் இரண்டு தட்டின் சுமைக்கு வேண்டிய அகலத்தில் இருக்க வேண்டும். மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்தரை. நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் வயலை நிரப்பிய காணி என்றால் கீழே களி இருக்கும். நிரப்பிய மண் சில வருடங்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். வயலை நிரப்புவதற்கே கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் பலர் பிந்தித்தான் அறிகிறார்கள். பக்கத்து வீட்டு மேசன் போட்ட அளவையே நமக்கும் போட முடியாது என்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

வெளியே நீட்டிய கம்பிக்குச் சீமெந்துக் கூழ் பூசி, மேலே சீமெந்துக் கலவை குறைந்த மெலிந்த கொங்கிரீட்டால் மூடிவிடுங்கள். மாடி போடும் நாளில் அதை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். கம்பி கட்டிய அன்று, கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன், ஒவ்வொரு தூணையும் பீமையும் படம் பிடித்து வீட்டுப் படத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு வரும் பொறியியலாளர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

மாடி வருமா என்பதே நிச்சயமில்லை என்றால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு நல்ல ஓட்டுக் கூரையோடு ஒருதட்டு வீட்டைக் கட்டி முடியுங்கள். முடிந்த சிறிய வீட்டில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

சிறிய காணி என்றால் மாடிதான் மலிவு என்ற எண்ணம்

ஒரே பரப்பைப் பாதி பாதியாக அடுக்கினால் கூரையும் அத்திவாரமும் பாதியாகும், செலவும் குறையும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒருதட்டு வீட்டில் சுவரே சுமையைத் தாங்கும், மேலே கூரை இலேசானது. மாடி என்றால் தூண், பீம், பிளேட், சாரம், பலகை அடிக்கும் கூலி எல்லாம் வந்து சேரும்.

படிக்கட்டு விழுங்கும் இடத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தட்டுக்குத் தட்டு 10 அடி உயரம் என்றால், படி ஒன்று 6 அங்குலமாக 20 படிகள். அதை இரண்டாக மடித்து, நடுவில் திரும்பும் தளத்தோடு மூன்றரை அடி அகலத்தில் வைத்தால் ஏறத்தாழ 80 சதுர அடி போய்விடும். மேலேயும் அதே அளவு. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல அறை. அந்த இடத்தை மிச்சம் பிடிக்கப் படியை 8 அங்குல உயரமாக்கிச் செங்குத்தாக வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் படியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் தாயை நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களை மேலே ஏற்றுவது

மகளுக்குக் கீழ்வீட்டைக் கொடுத்துவிட்டு, "நாங்கள் மேலே இருந்துகொள்கிறோம்" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். ஐம்பது வயதில் அது பெருந்தன்மையாகத் தெரியும். எழுபதில் முழங்கால் கேட்காது. என் அம்மம்மா தன் கடைசி மூன்று வருடங்கள் மேல்மாடியில் இருந்தார். கோயில் மணி கேட்கும், போக முடியாது. முற்றத்தில் பேரப்பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும், இறங்க முடியாது. அவரை வருத்தப்படுத்த யாரும் நினைக்கவில்லை. படம் வரைந்த அன்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் படத்தை வரைந்தவன் நான்.

மாடி வீடே கட்டினாலும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவுள்ள ஒரு படுக்கையறையும், அதோடு சேர்ந்த மலசலகூடமும் கீழ்த்தட்டில் கட்டாயம் வேண்டும். மகள் பிள்ளைப்பேறு முடிந்து படுக்கும் நாட்களிலும், யாராவது காலை முறித்துக்கொண்டு வரும் நாளிலும் அந்த அறையே வீட்டின் உயிர்.

வெயிலும் வெள்ளமும்

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்மாடி அறையில் நண்பகலுக்குப் பிறகு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் பிளேட் பகல் முழுவதும் சூட்டைக் குடித்து, இரவில் அறைக்குள் இறக்கும். மேலே ஓட்டுக் கூரையும், பிளேட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோடும் இடைவெளியும் இருந்தால் அறையில் தங்கலாம். இல்லாவிட்டால் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிடுவார்கள். மேலறைகள் சாமான் போடும் இடமாகும். அப்படிக் கிடக்கும் மேல்மாடிகள் பல.

வெள்ளத்துக்குப் பயந்து மாடி கேட்பவர்களின் பயம் நியாயமானது. 2011 சனவரி வெள்ளத்தை இரண்டு மாவட்டத்திலும் யாரும் மறக்கவில்லை. முழங்கால் அளவு வெள்ளம் வரும் காணிக்கு, பழைய வெள்ளக் கோட்டைக் கேட்டறிந்து, அதற்கு மேலே இரண்டு அடி உயர்த்தி அத்திவாரத்தைக் கட்டினால் பெரும்பாலும் போதும். அதற்காக இன்னொரு தட்டே வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி வேறு கதை. மேல்மாடியில் ஏறித் தப்பியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களோடு இருந்து தப்பாதவர்களும் இருந்தார்கள். வீட்டு மாடியை நம்பி எச்சரிக்கை வந்தும் ஓடாமல் இருக்கும்படி நான் யாருக்கும் வரைய மாட்டேன். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் பிரதேச சபையின் அனுமதி மட்டும் போதாது. கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். கடலோடு சேரும் வாவியின் ஓரங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

புயலைப் பற்றியும் ஒரு சொல். 1978 நவம்பர் 23 இரவு கூரைகள் பறந்த கதையை ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் கேட்கலாம். உயரத்தில் இருக்கும் கூரைக்குக் காற்று அதிகம். மேல்தட்டின் கூரை மரங்களைச் சுவரின் மேல் வைத்தால் போதாது, பீமுக்குள் புதைத்த இரும்பால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

கிணறும் அயலும்

இரண்டு குடும்பம் என்றால் மலக்குழிக்குப் போகும் நீரும் இரண்டு மடங்கு. மணல்தரையில் அது கிணற்றுக்கு விரைவாக வந்துசேரும். குழிக்கும் கிணற்றுக்கும் 50, 60 அடியாவது இடைவெளி விட வேண்டும். அதை அளக்கும்போது அயலவரின் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆறு பேர்ச் காணியில் இந்த இடைவெளி கிடைக்காவிட்டால், மாடிக் கேள்விக்கு அந்தக் காணியே பதில் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படம் முடிவதற்கு முன் இன்னொன்றும் செய்யச் சொல்வேன். மேல்மாடி யன்னல் வரப்போகும் இடத்தில் ஏணி வைத்து ஏறி, என்ன தெரிகிறது என்று பார்க்கும்படி கேட்பேன். சென்ற வருடம் செட்டிபாளையத்தில் ஒரு அம்மா தானே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்ததும், "தம்பி, அந்த யன்னலை மாற்றுங்கள். அது அவர்களுடைய கிணற்றடி. அங்கே பெண்பிள்ளைகள் குளிக்கிறார்கள்" என்றார். அன்றைக்கே யன்னலைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினேன். கடற்காற்று வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.