காட்டுப் பாடத்தில் நாங்கள் விடுகிற பிழைகள்

திருகோணமலையில் பிள்ளைகளுக்குப் பருவகாலம் படிப்பிக்கும்போது முதலில் பிழைப்பது நாட்காட்டிதான். வெளிநாட்டுப் புத்தகத்து வசந்தமும் இலையுதிர்காலமும் இங்கே இல்லையென்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பாடத்தில் வரும் ஆறு பெரும்பொழுதைக் காட்டுக்குக் கொண்டுபோகிறோம். அதுவும் பொருந்தாது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று பாடமாக்கிய பிள்ளை ஆவணியில் வந்து பார்த்தால், சிறு குளங்கள் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்களுக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். கார்த்திகை, மார்கழியில் வாடையோடு கொட்டும். வைகாசியிலிருந்து தென்மேற்குக் காற்றான கச்சான் வீசி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இந்த இரண்டு காற்றும் பிள்ளைகளின் மேலில் படட்டும். பெயர்களைப் பிறகு சொல்லலாம்.

கோடையில் எல்லா மரமும் இலை உதிர்க்கும் என்று சொல்வதும் பிழை. பாலையும் வீரையும் அந்தக் கச்சானிலும் பச்சையாகவே நிற்கும். ஏன் என்று விளக்குமுன் ஒரு பாலை இலையைக் கையில் கொடுங்கள். தோல்போலத் தடித்திருக்கும், நுனியில் சின்ன வெட்டு ஒன்று தெரியும். விரலால் மடித்துப் பார்த்த பிள்ளைக்கு, தண்ணீரை இழக்காமல் காக்கும் இலை எதுவென்று பாதி விளங்கிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் போவது. ஒரு நாளில் காட்டைப் பார்க்கலாம், பருவத்தைப் பார்க்க முடியாது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1907 முதல் ஓர் ஆய்வுக்காட்டை நடத்துகிறது. அங்கே 1990 இலிருந்து ஒரே பாதையில் நடந்து, அதே மரங்களில் மொட்டு எப்போது விரிகிறது, இலை எப்போது நிறம் மாறுகிறது என்று குறித்து வந்திருக்கிறார்கள். அங்கே பனி, இங்கே வெயில். ஆனால் அந்த முறைக்குப் பெரிய செலவு ஏதுமில்லை, எங்கள் பள்ளிக்கூடங்களுக்கும் அது கைகூடும். ஒரு பாலை, ஒரு கொன்றை, ஒரு மருது போதும். அடையாளத்துக்கு ஆணி அடிக்காமல் துணி கட்டுங்கள். மாதத்தில் இரண்டு தடவை போங்கள். சித்திரை, வைகாசியில் கொன்றை மஞ்சளாய்ச் சொரியும். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். கரடிக்கு விருப்பமான பழம் அது. தின்றால் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டும், அதை ஒருமுறை தின்ற பிள்ளை அந்த மாதத்தை மறக்காது.

கண்டதை மட்டும் எழுதச் சொல்வதும் தவறு. ஆறுமணிக்குருவி மாரியோடு இந்தியாவிலிருந்து வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பும். எங்களோடு வந்த சிறுமி ஒருத்தி தன் கொப்பியில் மூன்று கிழமையும் “குருவி இல்லை” என்று எழுதியிருந்தாள். அழிக்கச் சொல்ல வாயெடுத்தேன், நல்லகாலம் சொல்லவில்லை. நாலாம் கிழமை சருகுக்குள் அது தத்தித் தத்தி இலையைப் புரட்டிக்கொண்டு நின்றது. அந்த மூன்று “இல்லை”யும் இருந்தபடியால்தான் அது வந்த கிழமை எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் குருவியின் குரல் விடியலிலும் பொழுதுபடும்போதும்தான் கேட்கும். பத்து மணிக்குப் பஸ்ஸில் வந்திறங்கினால் காடு அடங்கிப் போயிருக்கும்.

மரநடுகைக்கு வருகிறேன். நாற்று நட்டுப் படம் எடுத்துவிட்டுக் கச்சானில் அதைக் காயவிடுவது எனக்குப் பெரிய மனவருத்தம். தம்புள்ளையில் 1963 இல் தாவரத் தோட்டம் தொடங்கிய சாம் பொப்பம் நட்ட கன்றுகள் சரிவரவில்லை. பிறகு அவர் பற்றையை வெட்டி, தானாக முளைத்திருந்த உள்ளூர்க் கன்றுகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். காடு எழும்பியது. பிள்ளைகளோடு பற்றைக்குள் குனிந்து, ஏற்கெனவே முளைத்திருக்கும் முதிரை, வீரைக் கன்றுகளைத் தேடுங்கள். நடுவதென்றால் மழை பிடித்த பிறகு நடுங்கள்.

திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களுக்குத் தீனி கொடுத்துப் பழகிய பிள்ளைகள் காட்டிலும் கை நீட்டுவார்கள், அதை முதலிலேயே தடுக்க வேண்டும். மான்கள் சோற்றோடு பொலித்தீனையும் விழுங்கிவிடும். சோற்றுப் பார்சலுக்கு வாழையிலை கொண்டுவரச் சொல்லுங்கள். வனத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஒதுக்குக்காட்டுக்குள் போகாதீர்கள். கோடையில் யானைகள் தண்ணீருக்காகக் குளக்கரைக்கு இறங்கும், அதனால் பின்னேரம் நாலு மணிக்குள் பிள்ளைகளை எண்ணிப் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.