தொடக்கத்தின் மீது பழி போடும் முன்: சதுரங்க ஆட்டத்தை ஆராய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டி ஆட்டம் ஒன்றை ஆராய்பவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, தோற்றவர் ஆடிய ஓப்பனிங்தான் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு முறை) தோல்விக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடுவது. 1972ஆம் ஆண்டு ரெய்க்யவிக் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம் இதற்கு நல்ல பாடம்.

ஏறக்குறைய எப்போதும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயைத் தள்ளித் தொடங்கும் பாபி ஃபிஷர், வெள்ளைக் காய்களுடன் ஆடிய அன்று சி4 என்று, அதாவது சி வரிசைச் சிப்பாயை நான்காம் கட்டத்துக்குத் தள்ளித் தொடங்கினார். ஆயினும் சில நகர்வுகளிலேயே ஆட்டம் குயின்ஸ் கேம்பிட் என்ற மற்றொரு ஓப்பனிங்கில் கறுப்பு ஆடும் டார்டகோவர் முறைக்குள் வந்துவிட்டது. முதல் நகர்வை மட்டும் பார்த்து இதை இங்கிலீஷ் ஓப்பனிங் என்று குறித்துக்கொள்பவர், தொடர்பில்லாத ஆட்டங்களோடு இதை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்குவார்.

கறுப்புக் காய்களுடன் ஆடிய போரிஸ் ஸ்பாஸ்கி தோற்றதால் டார்டகோவர் முறை பழுதானது என்று ஆகிவிடாது. ஃபிஷர் 14ஆவது நகர்வில் மந்திரியை பி5 கட்டத்துக்குக் கொண்டுவந்தபோது ஸ்பாஸ்கி ஏ6 ஆடினார். 1973இல் ஹில்வர்சும் நகரில் டிம்மனுக்கு எதிராக அதே நிலையை அடைந்த கெல்லர், ராணியை பி7 கட்டத்தில் வைத்து, கறுப்புக் காய்களுடன் வென்றார். ஓப்பனிங் அதேதான், மாறியது ஒரே ஒரு நகர்வு.

நகர்வுகளை மனப்பாடம் செய்துவிட்டு, அவை உருவாக்கும் சிப்பாய் அமைப்பைப் படிக்காமல் விடுவதும் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் கறுப்பின் சி5, டி5 சிப்பாய்கள், பக்கத்துணைச் சிப்பாய் இல்லாமல் அருகருகே நிற்கின்றன. 20ஆவது நகர்வில் ஸ்பாஸ்கி டி4 என்று முன்னேறியதும் சி4 கட்டத்தின் மீதிருந்த பிடி விட்டுப்போனது. வெள்ளை மந்திரி அங்கே அமர்ந்து இ6 சிப்பாயை அழுத்த, எஃப் வரிசை திறந்து யானைகள் உள்ளே வந்தன. என் கணிப்பில், முதல் 14 நகர்வுகளைவிட இந்த ஒரு நகர்வின் மீதே மாணவர் கூடுதல் நேரம் செலவிட வேண்டும்.

எஞ்சினை (நகர்வுகளைக் கணிக்கும் சதுரங்கக் கணினி நிரலை) முதலிலேயே இயக்கிவிட்டால் இந்த உழைப்புக்கே இடமிராது. எந்த நகர்வு சிறந்தது என்று அது சொல்லும். ஏன் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே உங்கள் காரணங்களை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். சொந்த ஆட்டமானால், ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரத்தையும் அருகில் குறியுங்கள்: முதன்முதலில் நீண்ட நேரம் யோசித்த இடத்தில்தான் பெரும்பாலும் உங்கள் ஓப்பனிங் அறிவு முடிந்திருக்கும்.